டீக்கடைச் சுவரில் ஒட்டிய பட்டியல்

1

நாங்கள் அயர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம் நிறைகிறது. வருடாவருடம் வந்து இறங்கிய நாளில் கணவர் பிரியாணி செய்வார். உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டே நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வேன். இந்த வருடம் சமையலறை மேசையில் தட்டு வைக்க இடமில்லை. என்னுடைய படிவம் பரந்து கிடந்தது. பதினோரு பக்கம்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. அதை எப்படி நிரப்புவது என்று விளக்க இன்னொரு படிவமும் உண்டு. குடியிருப்பு அட்டை, செவிலியர் பதிவு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று நிரப்பி நிரப்பிக் கை பழகிவிட்டது. ஆனால் இந்தப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். நான் ஒரு முதியோர் இல்லத்தில் தொற்றுத் தடுப்புச் செவிலியாக இருக்கிறேன். அந்தப் பொறுப்பில் நிலைக்க வேண்டுமானால் பொதுச் சுகாதாரச் சட்டமும் அறமும் பற்றிய பகுதிநேரப் படிப்பை முடிக்க வேண்டும் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி மாணவியானேன். கடைசிக் கட்டுரைக்கு, நாமே பங்குகொண்ட ஒரு சம்பவத்தை எழுத வேண்டும். ஊர் நன்மையும் ஒரு தனி ஆளின் உரிமையும் மோதிய சம்பவமாக அது இருக்க வேண்டும். அந்த ஆளை யாராவது அடையாளம் காண முடியும் என்றால் அவருடைய சம்மதத்தை, அவருக்குப் புரியும் மொழியில், வாங்க வேண்டும். ஒன்பதாம் கேள்வி: அந்தச் சம்பவத்தில் உங்கள் பங்கு என்ன என்று அவருக்குத் தெரியுமா?

தெரியாது. எட்டு வருடத்துக்கு முன் கொல்லிமலையில் ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றுபோனது. என்னால்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளைக் கேட்காமல் கட்டுரை எழுத முடியாது. உண்மையைச் சொல்லாமல் அவளைக் கேட்கவும் முடியாது.

2

வகுப்பு சனிக்கிழமை காலையில், கணினித் திரையில் நடக்கும். ஆசிரியை ஓய்வுபெற்ற மருத்துவர். முதல் வாரம் என்னிடம் ஏதோ விவரம் கேட்டார். "நாளைக்கு உங்களுக்கு இன்டிமேட் பண்ணுகிறேன்" என்றேன், நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தில். திரையில் இருந்த அத்தனை முகமும் ஒரு நொடி அசையவில்லை. தெரியப்படுத்துகிறேன் என்று நாம் சொல்லும் அந்தச் சொல்லுக்கு இங்கே படுக்கையறை வாடை உண்டு என்று பிலிப்பைன்ஸ்காரத் தோழி பிறகு தனியாகச் சொன்னாள். அன்று முதல் நான் எதையும் 'சொல்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படிப்பு வேலைக்கு நடுவேதான். பாடத் தாள்களை நான்காக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொள்வேன். தேநீர் இடைவேளையில் இரண்டு பக்கம், சலவை அறையில் இயந்திரம் சுற்றி முடியும்வரை ஒரு பக்கம். தாள்களில் கிருமிநாசினி நாற்றம் ஏறிவிட்டது. பழங்காலத்தில் தொற்று வந்த வீட்டை அடைத்துக் காவல் போட்ட கதை, தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்ற வாதம் எல்லாம் அப்படித் துண்டு துண்டாகப் படித்தவைதான்.

இல்லத்தில் சேர்ந்த புதிதில், நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் நின்றுகொண்டு, இன்ன பாட்டிக்கு இன்று வயிறு போயாச்சா என்று மறுமுனைக்குக் குரல் கொடுத்தேன். மேலாளர் என்னை அறைக்குள் அழைத்துப் போய், உட்காரவைத்து, ஒரு கோப்பை தேநீரும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: அது அந்த அம்மாளுடைய விஷயம், கட்டடத்தினுடையது இல்லை. எனக்கு வெட்கத்தைவிட வியப்புத்தான் அதிகம். மலையில் நாங்கள் "காசநோய் மாத்திரை யாருக்குங்க, கையைத் தூக்குங்க" என்று வரிசையைப் பார்த்துக் கத்துவோம். அவர்களும் தூக்குவார்கள்.

பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவருடைய உரிமையில் கை வைக்கும் முன், அதைவிடக் குறைவாகக் கை வைத்து அதே காரியத்தை முடிக்க வழி இருந்ததா? முதல் முறை இதைப் படித்தபோது சலவை இயந்திரம் நின்றுபோனதுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கொல்லிமலையில் நாங்கள் போட்ட ஒரு முகாம் நினைவுக்கு வந்துவிட்டது.

3

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இதில் வரும் மலைக்காரப் பெண்கள் இருவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கல்யாணம் நின்றுபோனவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம்.

நான் அப்போது மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தச் செவிலி. வீடு அடிவாரத்து ஊரில். அத்தா, அதாவது என் தகப்பனார், மிளகு வியாபாரி என்பதால் மலைக்காரர்கள் எங்கள் கடைக்கு வருவதும் போவதும் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அவர்களைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு யார் என்ன முறை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் கீழ்நாட்டுக்காரிக்குத் தெரியாது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படிக் குண்டனி நாட்டில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டோம். அரிவாள் செல் சோகை என்று ஒரு ரத்தக் கோளாறு, பரம்பரையாக வருவது. அதைச் சுமப்பவர்கள் என்று சிலர் உண்டு. அவர்களுக்கு நோய் இல்லை, ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாமலேகூட இருப்பார்கள். கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வர இடமுண்டு. அதனால் கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. முகாமின் நோக்கம் அவ்வளவுதான், நல்ல நோக்கம்.

முடிவுகள் வந்தபோது மருத்துவர் விடுப்பில் இருந்தார். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முடிவைக் கையில் கொடுத்து விளக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். மரவள்ளி பிடுங்கும் சமயம் வேறு. ஒரு தாளுக்காக மறுபடி மலை ஏறி இறங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. யோசித்தேன். நம் ஊரில் தேர்வு முடிவைச் சுவரில்தான் பார்த்தோம். நூறு நாள் வேலைப் பட்டியல் சுவரில். வாக்காளர் பட்டியல் சுவரில். பெயர் சுவரில் வந்தால் சந்தோஷப்படத்தான் எங்களுக்குத் தெரியும்.

சோளக்காடு என்கிற சந்தை ஊரில், பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. மிளகும் பழமும் கொண்டுவருகிற எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். பேருந்து நேரம் முதல் மாடு காணவில்லை என்பதுவரை அந்தக் கடைச் சுவரில்தான் ஒட்டுவார்கள். சந்தை நாளன்று முதல் பேருந்தில் போய், கடை திறக்கும் முன்பே நானே பசை தடவி ஒட்டினேன். பெயர், தகப்பன் பெயர், முடிவு. சுமப்பவர்கள் தவறாமல் என்னை வந்து பார்க்க வேண்டுமே என்று அந்தப் பெயர்களின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டேன். அளவுகோல் வைத்து, நேராக.

மூன்று பெயர்கள். அதில் ஒன்று செல்வி.

4

அவளுக்கு மலையிலேயே வேறொரு நாட்டில் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாரோ அன்று சந்தைக்கு வந்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாளே ஆள் அனுப்பி நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கும் அதே கோளாறு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இல்லாவிட்டால் பயமே இல்லை என்று சொல்ல வேண்டிய நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சிவப்புக் கோட்டுக்காரர்கள் வருவார்கள் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் விஷயம் காதுக்கு வந்து, ஓடிப்போய்த் தாளைக் கிழித்தேன். அன்று பிற்பகலே செல்வி வந்தாள். தனியாக. அழவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, அந்தத் தாளு ஆரு ஒட்டுனது? நீங்களுங்களா?"

"நாங்க ஒட்டலை கண்ணு" என்றேன்.

"அப்ப ஆஸ்பத்திரில வேற ஆராச்சும்?"

"இங்கிருந்து யாரும் ஒட்டலை. ஒட்டவும் கூடாது. யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியலை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரிங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பயந்துவிட்டேன், வேறு காரணம் கிடையாது. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அனுபவச் சான்றிதழில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. கிழித்த தாளைக் கழிவுகளோடு சேர்த்து எரித்தேன். சில மாதங்களில் விமானம் ஏறினேன்.

5

தம்பிக்கு போன் போட்டு, செல்வியின் எண் வேண்டும் என்றேன். அத்தாவுக்குப் பிறகு கடையை அவன்தான் பார்க்கிறான், மலைக்காரர்கள் எல்லோருடைய எண்ணும் அவனிடம் உண்டு. காரணத்தையும் சொன்னேன்.

"ஏன்க்கா, ஆறுன புண்ணைப் போயி எதுக்குக் கிளறுற? அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் இருக்குது. வேற எதையாச்சும் எழுதிட்டுப் போயேன்."

"கேக்காம எழுதக் கூடாதுடா."

"எழுதாம இருக்கலாம்ல?"

அவன் சொன்னது நியாயம். எட்டு வருடமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை, வகுப்பு, துணி துவைப்பு என்று தள்ளிப்போட்டேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'பங்கேற்பாளர் எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமையுடையவர்' என்று வந்தது. இதைச் செல்வியிடம் எப்படி வாசிப்பது?

இந்த இடத்தில் என் மகள் வருகிறாள். பன்னிரண்டு வயது. அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பல்லில் கம்பி மாட்டியிருப்பதை எழுதலாம், சண்டை போட்டதை எழுதலாம், எதற்குச் சண்டை என்பதை எழுதக் கூடாது, பெயரும் கூடாது என்று ஆங்கிலத்தில் உத்தரவு போட்டாள். ஆகவே, அவளுடைய விஷயம் ஒன்றை நான் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன் என்பதோடு நிறுத்துகிறேன். இருபத்தெட்டுப் பேர் பூவும் பொம்மையும் அனுப்பினார்கள். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"அம்மா, அது என்னோடது. ஏன் என்னைக் கேக்கலை?" என்றாள் மூன்றாம் நாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முழுவதும் தமிழில் சொன்னாள். எனக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"தப்புதான். போட்டது நான்தான்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். எனக்கு அது சொல்ல எளிதாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே செல்வியை அழைத்தேன்.

6

இங்கே காலை பத்து மணி, அங்கே பிற்பகல். செல்வி இப்போது மலைமேல் வாசலூர்பட்டியில், ஏரிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறாள். மிளகு, காப்பித்தூள், நறுக்கிய அன்னாசி. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம்.

"நர்ஸம்மாவா? ஐயோ, நல்லாருக்கீங்களா? பாப்பா பெருசாயிருக்குமே!" என்றாள். "இருங்க, ஆளு வந்திருக்காங்க" என்று யாருக்கோ பழம் வெட்டினாள். "மொளகாத்தூள் போடட்டுங்களா?" என்று கேட்பது கேட்டது. திரும்பி வந்து, "சொல்லுங்க" என்றாள்.

தமிழில் எழுதிய படிவத்தை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி வாசித்திருப்பேன்.

"ஏதோ பேங்க் லோன் ஃபாரமாட்டம் இருக்குதுங்க" என்று சிரித்தாள். "எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

தாளை மடித்து வைத்தேன். "செல்வி, அன்னைக்கு டீக்கடைச் சுவத்துல அந்தப் பட்டியலை ஒட்டுனது நான்தான். சிவப்புக் கோடு போட்டதும் நான்தான். நீ வந்து கேட்டப்ப பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோ."

கோபப்படுவாள், அல்லது இணைப்பைத் துண்டிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப மாமன் ஒட்டலீங்களா?"

"எந்த மாமன்?"

"டீக்கடை மாமனுங்க. எங்கம்மா கூடப் பொறந்தவரு."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்தது. மாமன் தன் மகனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார். முறைப்படி அவருக்குக் கேட்க உரிமை உண்டு. செல்வியின் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டு மலையில் வேறொரு நாட்டில் நிச்சயம் செய்தார். ஒரு மாதத்துக்குள் மாமனுடைய கடைச் சுவரில் அவள் பெயர், சிவப்புக் கோட்டோடு.

"ஆஸ்பத்திரில ஒட்டலைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அதை நாந்தான் ஊட்டுல போயிச் சொன்னேன். அப்ப அவருதான், பொண்ணு குடுக்காத ஆத்தரத்துல ஆருகிட்டயோ தாளை வாங்கி ஒட்டிட்டாருன்னு எங்கப்பா சொல்லிட்டாருங்க. பேச்சு நின்னுபோச்சு. போக்குவரத்து நின்னுபோச்சு. நாலு வருசம் எங்க ஊட்டுக்கு ஒரு மாப்பிள்ளையும் வரலீங்க, எந்தங்கச்சிக்குங்கூட. எல்லாம் அவராலதான்னு எங்கம்மா மண்ணை வாரித் தூத்துனாங்க."

"இப்ப அவர்கிட்டப் பேசலாம் செல்வி. நானே பேசறேன்."

"போன ஆடியில தவறிட்டாருங்க." அவள் குரல் தணிந்தது. "எழவுக்கு நாங்க போகலீங்க. கூடப் பொறந்தவ, எங்கம்மாவே வாசப்படி தாண்டலீங்க."

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பதினோரு பக்கம். ரகசியத்தை வெளியிட்டதுதான் என் குற்றம் என்று எண்ணி, அதற்கான சட்டப் பிரிவைக்கூட ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அந்தப் பொய்க்கு நான் படித்த எந்தத் தாளிலும் இடம் இருக்கவில்லை. அழுகை வந்தது, அவளுக்குக் கேட்காமல் அழுதேன்.

"அந்த ஃபாரமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றாள் செல்வி. "மாமன் சம்சாரம், எங்கத்தை ஊடு இங்கதான், ஏரிக்கு மேல. நான் கட்டிக்கிட்டு வந்து நாலு வருசமாச்சு, தெனம் அந்த வழியாத்தான் போறேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். இப்ப போறேன். நீங்களே உங்க வாயால சொல்லுங்க. லைனை வெச்சுராதீங்க."

கடைக்கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு நடை, மூச்சிரைப்பு. யாரோ "எங்க செல்வி, கடையச் சாத்திட்டு?" என்று கேட்டார்கள். அவள் நடையை நிறுத்தவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு ஒரு நாள் டீக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஓரமாக ரொம்ப நேரம் நின்றார். "நர்ஸம்மா, ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்றார். தன்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணே, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கட்டுரைக்குச் செல்வியின் கதையை நான் கேட்கவில்லை. இல்லத்தில் கைகழுவும் தொட்டி ஒன்றால் வந்த தகராறைப் பற்றி எழுதினேன், தேறிவிட்டேன். இதை நம் ஆட்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதச் சொன்னவர்கள் செல்வியும் அவள் அத்தையும்தான். அது பிறகு வந்த பேச்சு.

அன்று, நாய் ஒன்று குரைத்தது. தகரக் கதவு கிறீச்சிட்டது.

"ஆரது?" என்று வயதான ஒரு பெண் குரல்.

"நான்தானுங்க அத்தை. செல்வி."

உள்ளே எதையோ நகர்த்தி வைக்கும் சத்தம். "உள்ள வா சாமி" என்றது அந்தக் குரல்.

"அத்தை, நர்ஸம்மா லைன்ல இருக்காங்க. அவங்க பேசறதக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். சொல்லுங்க நர்ஸம்மா."

சொன்னேன். இந்த முறை சுருக்கமாக. பட்டியலை எழுதியது நான், ஒட்டியது நான், இல்லை என்று பொய் சொன்னது நான், டீக்கடை அண்ணனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் கடை திறக்கும் முன்பே ஒட்டிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது.

"நான் ஒட்டலை, நான் ஒட்டலைன்னு சாகற வரைக்கும் சொன்னாருங்க" என்றார் அந்த அம்மாள். "நானே நம்பலீங்க."